மீட்டரில் ஏறாத மின்சாரம்

மாலை மணி ஏழு. சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். மிக்சி முக்கி முனகுகிறது. மின்விசிறி சுற்றுகிறதா, நிற்கிறதா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. சற்று நேரத்தில் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 'பட்'டென்று ஒரு சத்தம். கிழக்குச் சிறகு வீடுகள் முழுக்க இருட்டு. மேற்குச் சிறகில் விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன!

உடனே என்ன நடக்கிறது? லைன்மேனுக்குப் போன் பறக்கிறது. அவர் வருவதற்குக் கால்மணி தாமதமானால் தெருவே அவரை வைகிறது. அவர் வந்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கி, கம்பி கட்டிவிட்டுப் போகிறார். மறுநாள் மாலை ஏழு மணிக்கு மறுபடியும் அதே சத்தம். மூன்றாம் நாள் கம்பியைக் கொஞ்சம் தடிமனாகக் கட்டச் சொல்லித் தெருவாரே வற்புறுத்துகிறார்கள். அப்புறம் ஒரு நாள், பியூஸ் போவதில்லை, டிரான்ஸ்பார்மரே போய்விடுகிறது.

குற்றவாளி யார்? லைன்மேனா? "கரண்ட் பற்றாக்குறை" என்று பழைய பல்லவியைப் பாடுவதா? பற்றாக்குறை எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியும். 2008-க்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த மாவட்டம் அதை அனுபவித்தது. 2012-இல் நாளில் பாதிக்கு மேல் இருட்டில் கிடந்தோம்; அச்சுக்கூடங்களில் டீசல் ஜெனரேட்டர் புகைதான் மிச்சம். அது ஊர் முழுவதையும் ஒன்றுபோல வாட்டிய நோய். இப்போது நாம் பார்ப்பது வேறு நோய். ஒரே தெருவில் ஒரு சிறகு இருட்டு, மறு சிறகு வெளிச்சம் என்றால், மின்சாரம் வந்து சேரவில்லை என்று அர்த்தமல்ல. வந்த மின்சாரம் சரியாகப் பங்கிடப்படவில்லை என்று அர்த்தம். அதோடு இன்னொன்றும் உண்டு. வேலை எதுவும் செய்யாமல், கம்பியை மட்டும் அடைத்துக்கொண்டு போய்வரும் ஒரு மின்சாரம் இருக்கிறது. நம் வீட்டு பில்லில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அதன் செலவு நம் எல்லோர் தலையிலும் விடிகிறது. இந்த இரண்டையும் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம். இது என்ஜினீயர்கள் சமாசாரம், நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கூலிக் கணக்கு கணக்கப்பிள்ளை சமாசாரம் என்று ஒரு காலத்தில் ஒதுங்கியிருந்தோம். அதன் பலனையும் அனுபவித்தோம்!

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள், "பட்டாசு ஆலைகள் அத்தனை மின்சாரத்தையும் குடித்துவிடுகின்றன போலும்" என்று எண்ணுவார்கள். உண்மை நேர்மாறானது. மருந்து கலக்கும் அறையிலும், மருந்து செலுத்தும் அறையிலும் பொதுவாக ஒரு விளக்குக்கூடக் கிடையாது. பகல் வெளிச்சத்தில், வெறுங்காலோடு, கையால் செய்கிற வேலை அது. ஒரு பொறி பறந்தால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் பார்த்தோம். அதற்கு முன்னும் பின்னும் பார்த்தோம். ஆகவே மருந்து அறைக்குள் மின்சாரம் போகக் கூடாது, போகவும் வேண்டாம்.

மின்சாரத்தைக் குடிப்பது அந்தப் பட்டாசுக்கு உடுப்புத் தைக்கிற தொழில்கள். லேபிள் அடிக்கும் ஆப்செட் மிஷின். அட்டைப்பெட்டி செய்யும் மிஷின். காகிதக் குழாய் சுற்றும் மிஷின். கம்பி மத்தாப்புக்குக் கம்பி இழுத்து வெட்டும் மிஷின். அலுமினியப் பவுடர் அரைக்கும் மில். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்று நாட்டின் காலண்டர் சுவர்களில் பெரும் பகுதி சிவகாசி மையால் நிறைந்திருக்கிறது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. அன்று பிடித்த ஓட்டம் மார்கழி வரை நிற்பதில்லை. அந்தப் பக்கம் ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பாண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள், அருப்புக்கோட்டையில் தறிகள், விருதுநகரில் எண்ணெய், பருப்பு மில்கள். இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது எது? மோட்டார்!

அந்த மோட்டாரில்தான் சங்கதி இருக்கிறது.

மோட்டார் சுழல வேண்டுமானால் அதற்குள் காந்தம் உண்டாக வேண்டும். அந்தக் காந்தத்தை உண்டாக்க ஒரு மின்சாரம் லைனிலிருந்து வருகிறது. காந்தம் அடங்கும்போது அதே மின்சாரம் திரும்ப லைனுக்கே போகிறது. நொடிக்கு 50 சுற்று அடிக்கும் நம் மின்சாரத்தில், இந்தப் போக்கும் வரவும் ஒவ்வொரு நொடியிலும் 100 தடவை நடக்கிறது. வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது, மாவரைப்பதில்லை, அச்சடிப்பதில்லை. அது இல்லாவிட்டால் மோட்டார் சுழலாது என்பதும் நிஜம். இதை எதிர்வினை மின்திறன் என்று பாடப் புத்தகத்தில் எழுதுவார்கள்.

இதை விளங்கிக்கொள்ள ஆலை பஸ்ஸையே பாருங்கள். காலையில் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலுக்கு வருகிறது. 50 பேர் உட்காரும் பஸ்ஸில் 15 பேர் ஏறிக்கொண்டு, ஆலை வாசலில் இறங்காமல், அதே பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிப் போய், மறுபடியும் வந்து, மறுபடியும் திரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆலைக் கணக்கில் அவர்கள் பெயர் ஏறாது. ஏனென்றால் வாசலில் இறங்கியவர்களைத்தான் கணக்கன் எண்ணுகிறான். ஆனால் சீட்டு போயிற்று, டீசல் போயிற்று, டயர் தேய்ந்தது, வேலைக்கு வரவேண்டிய 15 பேர் சாலையோரத்தில் நிற்கிறார்கள். நம் மீட்டர் அந்த ஆலைக் கணக்கனைப் போன்றது. இறங்கி வேலை செய்த மின்சாரத்தை மட்டும் யூனிட் என்று எண்ணுகிறது. கம்பியோ பஸ்ஸைப் போன்றது. ஏறிய அத்தனை பேரையும் சுமக்கிறது, அத்தனைக்கும் சூடேறுகிறது.

மொத்தமாக ஏறியதில் வேலை செய்கிற பங்கு எவ்வளவு என்பதற்கு வைத்த எண்தான் பவர் பாக்டர். முழுவதும் வேலை செய்தால் 1. அதற்குக் கீழே போகப் போக வீண் ஓட்டம் அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அச்சுக்கூடத்தில் 10 கிலோவாட் வேலை நடக்கிறது. மூன்று பேஸ், 400 வோல்ட். பவர் பாக்டர் 1 என்றால் ஒவ்வொரு பேஸிலும் சுமார் 14.4 ஆம்பியர் போதும். 0.7 என்றால் அதே வேலைக்கு 20.6 ஆம்பியர் வேண்டும். ஆம்பியர்தானே கொஞ்சம் கூடியிருக்கிறது என்று எண்ணாதீர்கள். கம்பியில் ஏறும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்தால், சூட்டில் போகும் நஷ்டம் இரண்டு மடங்கு! அச்சடித்த லேபிள் ஒன்றுகூட அதிகமில்லை; கம்பியில் எரிந்தது மட்டும் இரட்டிப்பு. அந்த நஷ்டத்தை யார் கொடுக்கிறார்கள்? அது விநியோக இழப்பு என்ற பெயரில் வாரியத்தின் மொத்தக் கணக்கில் சேர்கிறது. அடுத்த தடவை கட்டணம் உயர்த்தும்போது நம் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேர்கிறது. அதே லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கிற குடிசை வீடு, வோல்டேஜ் இறங்கிப் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறது.

இதற்கு வைத்தியம் இல்லையா? இருக்கிறது, பழைய வைத்தியம், அப்படியொன்றும் விலை உயர்ந்ததும் அல்ல. கெப்பாசிட்டர்! நம் ஊர் வயர்மேன்கள் கண்டென்சர் என்பார்கள். மோட்டார் காந்தத்துக்காக மின்சாரம் கேட்கும் அதே கணத்தில் கெப்பாசிட்டர் திருப்பித் தருகிறது. மோட்டார் திருப்பித் தரும்போது கெப்பாசிட்டர் வாங்கி வைத்துக்கொள்கிறது. போக்குவரத்து மோட்டாருக்கும் பக்கத்திலுள்ள பெட்டிக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிறது. இறங்காத அந்தப் 15 பேருக்கும் ஆலை வாசலிலேயே ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தது போல. மேலே சொன்ன 10 கிலோவாட் அச்சுக்கூடத்துக்கு சுமார் 7 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் வைத்தால் பவர் பாக்டர் 0.95-க்கு வந்துவிடும்.

சட்டமும் இதைக் கவனிக்காமல் இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகளில், உயர் அழுத்த இணைப்புக்காரர்கள் 0.90-க்குக் குறையாமலும், 25 குதிரைத் திறனும் அதற்கு மேலும் உள்ள தாழ்வழுத்தத் தொழிற்கூடங்கள் 0.85-க்குக் குறையாமலும் வைத்திருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். தாழ்வழுத்தத்தில் 0.85-க்குக் கீழே போகும் ஒவ்வொரு 0.01-க்கும் ஒரு சதவீதம் கூடுதல். 0.78 என்றால் பில்லில் 7 சதவீதம் அபராதம். 0.75-க்கும் கீழே போனால் விகிதம் இன்னும் கடுமை.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்பீர்கள். எங்கே தீர்ந்தது? சில முதலாளிமார்களின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். இணைப்பு வாங்கும்போது கெப்பாசிட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அது உப்பிப் போகிறது, செத்துப் போகிறது. மாற்றுவதில்லை. பில்லில் அபராதம் விழுகிறது. அந்த அபராதம் எந்தக் கணக்கில் போகிறது? "இந்த வருஷம் கரண்ட் பில் ஏறிவிட்டது, போனஸ் இவ்வளவுதான்" என்ற கணக்கில்! அச்சுத் தொழிலாளி மிஷினைப் பதினான்கு வருஷம் ஓட்டியிருப்பார். பில்லின் பின்பக்கத்தில் பவர் பாக்டர் என்று ஓர் எண் இருப்பதை ஒரு நாளும் பார்த்திருக்க மாட்டார். பேச்சுவார்த்தைக்குப் போகும் தோழர்கள் இனிமேல் அந்த பில்லைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். நிர்வாகத்தின் அசட்டையால் கட்டிய அபராதத்தைத் தொழிலாளியின் போனஸில் கழிக்க என்ன நியாயம்?

சிறு தொழில் நடத்துகிறவர்களையும் ஒரே தராசில் வைத்து நாம் வைய மாட்டோம். இரண்டு மிஷின் வைத்துக்கொண்டு, தானும் மனைவியும் ராத்திரி பகலாக வேலை செய்கிறவர் முதலாளியா, தொழிலாளியா என்று அவருக்கே சந்தேகம். 2022 செப்டம்பரில் வந்த கட்டண உயர்வில் நிலைக்கட்டணமே அவர்களை மூச்சுத் திணற வைத்தது. அவர்களுக்கு 25 குதிரைத் திறனுக்குக் கீழே இருப்பதால் அபராதம் இல்லை; அபராதம் இல்லாததால் கெப்பாசிட்டரும் இல்லை; கேட்பாரும் இல்லை. அபராதம் போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்ல கெப்பாசிட்டரை மானிய விலையில் வாரியமே கொடுத்து மாட்டட்டும் என்கிறோம். லைனில் மிச்சமாகிற நஷ்டத்தில் அந்தக் காசு திரும்பி வரும். இன்னொன்று: 5 குதிரைத் திறன் போதுமான இடத்தில், செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைத்தது என்று 10 குதிரைத் திறன் மோட்டாரை மாட்டி வைக்கிறார்கள். பாதிச் சுமையில், கால் சுமையில் ஓடும் மோட்டார்தான் மிக மோசமான பவர் பாக்டரைக் காட்டும். யானையைக் கட்டி வைத்துச் சுள்ளி சுமக்கச் சொல்கிற வேலை இது. தீனி யானைத் தீனிதான்.

கெப்பாசிட்டரைச் சர்வரோக நிவாரணி என்றும் நாம் விற்க வரவில்லை. ராத்திரி மிஷின்களை நிறுத்திவிட்டுக் கெப்பாசிட்டரை மட்டும் லைனில் விட்டுவிட்டால், வோல்டேஜ் தேவைக்கு மேல் ஏறும், அதுவும் கெடுதல். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் வைத்த புதிய ஆப்செட் மிஷின்கள் உள்ள இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரை மாட்டினால், மின்சாரத்தில் கலந்து வரும் வேறு அலைகளால் அது சூடேறி வெடிக்கக்கூடும். அங்கே அதற்கென்று காயில் சேர்த்த செட் வேண்டும். காகிதக் குடோன் ஓரத்தில் கெப்பாசிட்டர் பெட்டியைத் தொங்க விட்டிருக்கும் இடங்கள் உண்டு. பட்டாசுச் சரக்குக்கு லேபிள் ஒட்டும் ஊரில் இதைக்கூடச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மெயினை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். நிறுத்தியாயிற்று என்று நம்பிக் கை வைத்தால் உயிர் போகும். நிறுத்தி, சில நிமிஷம் காத்திருந்து, முனைகளை முறைப்படி ஷார்ட் செய்து, எர்த் செய்த பிறகுதான் தொட வேண்டும். படிக்காத பையனை "அந்தப் பெட்டியைத் துடைடா" என்று அனுப்பும் இடங்களில் நம் தோழர்கள் தடுத்து நிறுத்த வேண்டும்.

வாரியம் என்ன செய்கிறது? துணை மின்நிலையங்களில் கெப்பாசிட்டர் பாங்க் வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் துணை மின்நிலையத்தில் வைத்தால், அதற்கு மேலே உள்ள லைனுக்குத்தான் நிம்மதி. அங்கிருந்து நம் தெருவுக்கு வரும் 11 கே.வி. லைனும், டிரான்ஸ்பார்மரும், தெருக் கம்பியும் பழைய பாரத்தையே சுமக்கின்றன. கொட்டகையை ஆலை வாசலில் போடாமல் பஸ் டெப்போவில் போட்டால் என்ன பயன்?

இனி, கிழக்குச் சிறகு இருண்டு மேற்குச் சிறகு எரிந்த கதைக்கு வருவோம்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் கம்பிகள் புறப்படுகின்றன. கூட ஒரு நியூட்ரல். வீட்டுக்கு ஒரு பேஸ் போதும். எந்த வீட்டை எந்தப் பேஸில் கொடுப்பது? கம்பத்தில் ஏறியவருக்கு எது கைக்கு எட்டியதோ, அதில்! காமராசர் முதலமைச்சராக இருந்த 1954–63 காலத்தில் நம் கிராமங்களுக்குக் கம்பம் வந்தபோது வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு, இரண்டு பல்பு. எந்தப் பேஸில் கொடுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. இன்று அதே கம்பத்தில் கிரைண்டர், பிரிட்ஜ், மோட்டார் பம்பு, சில வீடுகளில் ஏ.சி. பத்து வீடுகள் ஒரே பேஸில் போய் விழுந்தால் அந்தக் கம்பி என்ன ஆகும்?

விருதுநகர் மண்டியில் சுமைதூக்கும் தோழர்களைக் கேளுங்கள். மூன்று பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பாரத்தில் ஒருவன் தோளில் பாதிக்கு மேல் சாய்ந்தால், மொத்தப் பாரம் குறைவாக இருந்தாலும் அவன் முதுகு முறியும். 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று, ஒவ்வொரு பேஸிலும் சுமார் 133 ஆம்பியர் தாங்கும். அதில் ஒரு பேஸில் 170, இன்னொன்றில் 100, மூன்றாவதில் 60 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். மொத்தத்தைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 110. காகிதத்தில் பார்க்கிற அதிகாரி, "டிரான்ஸ்பார்மரில் இன்னும் இடம் இருக்கிறதே" என்பார். ஆனால் 170 ஓடுகிற பேஸின் பியூஸ் போய்க்கொண்டேயிருக்கும். சரிசமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றுமே ஓடாது; இந்த நிலையில் நியூட்ரலில் சுமார் 96 ஆம்பியர் ஓடும்! மூன்றும் சமமாக இருந்தபோது இருந்த சூட்டு நஷ்டத்தோடு ஒப்பிட்டால், நியூட்ரலையும் சேர்த்து, 40 சதவீதத்துக்கு மேல் கூடுதல் நஷ்டம்.

அந்த நியூட்ரல் பழைய கம்பி. ஒட்டுப் போட்ட கம்பி. ஒரு நாள் அது அறுந்தால் பாரம் அதிகமுள்ள பேஸில் வோல்டேஜ் பாதாளத்துக்குப் போகும். பாரம் குறைந்த பேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய வீட்டுக்குள் 300, 350 என்று புகுந்துவிடும். டி.வி. போச்சு, பிரிட்ஜ் போச்சு என்று தெருவே கூடி நிற்பது அப்போதுதான். கடன் வாங்கி, தவணை கட்டி வாங்கிய பிரிட்ஜ்! நஷ்டஈடு கேட்டால், "எந்த விதியில்?" என்று பதில் வருகிறது.

இதைச் சரி செய்ய வெளிநாட்டு யந்திரம் வேண்டுமா? வேண்டாம். ஒரு டாங் டெஸ்டர் வேண்டும். கம்பியை அறுக்காமல் அதைச் சுற்றிப் பிடித்தாலே ஆம்பியர் காட்டும் கருவி. மாலை ஏழு மணிக்கு, உச்சச் சுமை நேரத்தில், மூன்று பேஸையும் நியூட்ரலையும் அளக்க ஓர் ஆள் வேண்டும். அளந்த பிறகு, லைனை முறைப்படி நிறுத்தி, சில வீடுகளை ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுக்க இரண்டு பேர் வேண்டும். அந்த ஆட்கள் எங்கே? களப்பணியில் பல ஆயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. மூன்று பேர் பார்க்க வேண்டிய பகுதியை ஒருவர் பார்க்கிறார். பியூஸ் கட்டவே நேரமில்லாதவரிடம் பேஸ் பாலன்ஸ் செய்யவில்லையே என்று கேட்டால் அது நியாயமா? அவசரத்தில், தனியாளாக, உதவிக்கு ஆளில்லாமல் கம்பம் ஏறி உயிர்விட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களின் குடும்பங்கள் எத்தனை ஊரில் இருக்கின்றன! 1957 ஜூலை 1-இல் பிறந்த மின்வாரியத்தை 2010-இல் பிரித்தார்கள். 2024-இல் மறுபடியும் பிரித்தார்கள். பெயர்ப்பலகைகள் பெருகின. கம்பம் ஏறுகிறவர் எண்ணிக்கை பெருகியதா?

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்தச் சமநிலைக் கணக்கை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். 1865-இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர், கூன் முதுகு, குள்ள உருவம். மாணவராக இருந்தபோதே சோஷலிஸ்டு. அதனால் போலீஸ் துரத்த, 1888-இல் ஜெர்மனியை விட்டு ஓடினார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்து, மாறுமின்சாரத்தைக் காகிதத்தில் எளிதாகக் கணக்கிடும் வழியை வகுத்தார். கம்பெனியின் தலைசிறந்த மூளையாக இருந்தும் கடைசிவரை தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1922-இல், ரஷ்யாவை மின்மயமாக்கும் வேலைக்கு உதவ விரும்புவதாக லெனினுக்கே கடிதம் எழுதினார். இரண்டு பேஸ்களுக்கிடையே மட்டும் சுமை இருக்கும்போது, மற்ற இரு பக்கங்களிலும் ஒரு காயிலையும் ஒரு கெப்பாசிட்டரையும் சரியான அளவில் மாட்டினால் மூன்று பேஸ்களும் சமமாகச் சுமக்கும் என்பது அவர் பெயரால் வழங்கும் ஏற்பாடு. சமச் சுமை என்பதைக் கம்பியிலும் கண்டவர், சமூகத்திலும் கேட்டவர்!

அவர் ஏற்பாடு ஏட்டில் கிடக்கும் வித்தையல்ல. நம் விருதுநகர் ஜங்ஷன் வழியாக ஓடும் மின்சார ரயிலைப் பாருங்கள். அதன் 25 கே.வி. கம்பி ஒற்றைப் பேஸ். மூன்று பேஸ் லைனில் இரண்டிலிருந்து மட்டும் எடுக்கிறார்கள். அடுத்தடுத்த ரயில்வே துணை மின்நிலையங்களில் ஜோடியை மாற்றி மாற்றி எடுத்துப் பாரத்தைப் பரத்துகிறார்கள். ரயிலுக்குத் தெரிந்த நியாயம் நம் தெருவுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று?

கரிசல் காட்டு விவசாயிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான். மீதி நேரம் இருமுனை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, பயிர் வாடுகிறது, மோட்டாரோ மூன்று பேஸ் மோட்டார். என்ன செய்வார்? கண்டென்சரை மாட்டி, இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுகிறார். ஸ்டைன்மெட்ஸ் பெயரைக் கேள்விப்படாத நம் விவசாயி, ஏறக்குறைய அவர் வித்தையைத் தலைகீழாகச் செய்து காட்டுகிறார். ஆனால் இதனால் இரண்டு கம்பிகளில் பாரம் ஏறுகிறது, டிரான்ஸ்பார்மர் எரிகிறது, மோட்டார் காயிலும் கருகுகிறது. காயில் கட்ட ஆகும் செலவு வட்டிக்கடையிலிருந்து வருகிறது. "இலவச மின்சாரம் வாங்கிக்கொண்டு லைனைக் கெடுக்கிறான்" என்று விவசாயியைக் குறை சொல்லும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: பகலில் வெயில் காயும்போது கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் உற்பத்தி செய்கிறதே, அந்தப் பகல் நேரத்தில் பக்கத்து மாவட்ட விவசாயிக்கு மும்முனை மின்சாரம் நிம்மதியாகக் கிடைத்தால் அவர் ஏன் கண்டென்சரைத் தேடுகிறார்?

கமுதி என்றதும் பெரிய லைன்களின் ஞாபகம் வருகிறது. எதிர்வினை மின்திறன் தெருவோடு நிற்கும் சங்கதியல்ல. முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் உள்ள பழைய காற்றாலைகளில் பல, மோட்டாரைப் போலவே காந்தத்துக்காக லைனிலிருந்து இழுப்பவை. அதற்கென்றே அவற்றுக்குத் தனிக் கட்டணம் விதித்தார்கள். விருதுநகரிலிருந்து கோவைக்கு 765 கே.வி. பாதை போடும் திட்டம் வந்து, நிலம் போகிறதே என்று விவசாயிகள் கொதித்ததும் நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட நெடும் பாதைகளின் குணம் விசித்திரமானது. பாரம் குறைந்த நேரத்தில் கம்பியே ஒரு பெரிய கெப்பாசிட்டராகி வோல்டேஜை ஏற்றும். பாரம் ஏறினால் அதே கம்பி விழுங்க ஆரம்பிக்கும். இரண்டையும் நாள் முழுக்க ஈடுகட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். கவனம் தப்பினால்? 2003 ஆகஸ்டு 14-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்கள் இருளில் விழுந்தார்கள். ஒஹையோ பகுதியில் எதிர்வினை மின்திறன் போதாமல் போனது அதன் காரணங்களில் ஒன்று. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் ஸ்தம்பித்தன. அங்கே நடந்தது நேர்மாறு: வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறியது, அதை உறிஞ்சி அடக்க வேண்டிய ஏற்பாடு போதவில்லை, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. பணக்கார தேசங்கள், யந்திரத்துக்குப் பஞ்சமில்லை. 2013 டிசம்பர் 31 முதல் நம் தென்னகத்தின் மின்கட்டமைப்பும் வட இந்தியக் கட்டமைப்போடு ஒரே தாளத்தில் ஓடுகிறது. இனி ஓரிடத்துக் கோளாறு ஓரிடத்தோடு நிற்கும் என்று யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் பெரிய லைனைக் கவனிக்க என்ஜினீயர்கள் ராப்பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள். தெரு டிரான்ஸ்பார்மரைக் கவனிக்க யாருமில்லை. நம் வேலை அங்கேதான்.

எனவே கிளைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இது. உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் மாலை ஏழு மணிக்கு ஒவ்வொரு பேஸிலும் எத்தனை ஆம்பியர், நியூட்ரலில் எத்தனை ஆம்பியர் என்று அளந்து தரும்படி பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நீங்களாகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். கம்பத்தில் ஏறவே வேண்டாம். அளப்பது அவர்கள் வேலை. அளக்கச் சொல்வது நம் உரிமை. நான்கே நான்கு எண்கள். அவற்றை டிரான்ஸ்பார்மர் கம்பத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கச் சொல்லுங்கள். எந்தப் பேஸில் எத்தனை வீடு என்ற பட்டியலையும் கேளுங்கள். "அளக்க ஆளில்லை" என்று பதில் வந்தால், அந்தப் பதிலையே எழுத்தில் வாங்கி வையுங்கள். காலியிடங்களை நிரப்பக் கோரும் மின் ஊழியர் சங்கத் தோழர்களுக்கு அதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்காது.

மின் நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டம் மேற்பார்வைப் பொறியாளர் தலைமையில் மாதந்தோறும் நடக்கிறது. இதுவரை அங்கே பில் தகராறுகளும் புது இணைப்பு மனுக்களும்தான் போய்க்கொண்டிருந்தன. அடுத்த கூட்டத்துக்குச் சிவகாசியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் திருத்தங்கலிலிருந்தும் இந்த நான்கு எண்களோடு தோழர்கள் போகட்டும். கூடவே அந்தப் பகுதி லைன்மேனையும் கலந்து பேசிக்கொண்டு போகட்டும். எந்தக் கம்பத்தில் எந்த ஒட்டு எப்போது விடும் என்று அவருக்குத்தான் தெரியும்.